கூடாரக் கயிறு

ஓகஸ்ட் 1, வியாழன். ஸ்காபரோ

கடும் வெயில். காற்று அசையவில்லை.

நாட்குறிப்பில் முதலில் வானிலை, பிறகு செய்த வேலை, கண்ணீருக்கு அதில் இடமில்லை என்று கொன்வென்ற்றில் மதர் பெனடிக்ற் சொல்லித் தந்தார். எழுபத்துநான்கு வயதிலும் நான் அதை மீறியதில்லை.

நாளை காலை காட்டுக்குப் புறப்படுகிறோம். ஒவ்வொரு கோடையிலும் இந்த நீண்ட வார இறுதிக்கு என் மகன் றெஜி எங்களைக் கூடாரம் அடித்துத் தங்கக் கூட்டிப் போவான். மற்றத் தமிழ்க் குடும்பங்கள் கும்பலாகப் போய், ஆட்டிறைச்சிக் கறியும் கடதாசி விளையாட்டும் பாட்டுப்பெட்டியுமாகக் காட்டையே சந்தையாக்கிவிடும். றெஜிக்கு அது ஆகாது. முகாமின் ஆகக் கடைசி இடத்தை, பக்கத்தில் ஒருவரும் இல்லாத இடத்தை, பனிக்காலத்திலேயே பதிவு செய்துவிடுவான். அங்கே கைத்தொலைபேசியும் வேலை செய்யாது. அமைதியை விரும்புவதில் அவன் தகப்பனைப் போல.

மருமகள் தயாளினி அடுக்கிய பெட்டிகளைப் பிரித்து நான் மறுபடி அடுக்கினேன். தூள் போத்தலை அரிசிக்கு மேல் வைத்திருந்தாள். அவளால் பாரம் தூக்கவும் முடியாது. போன வருடம் கூடாரக் கயிறு தடுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அதற்கு முந்தின வருடமும் அதே கயிறு. பார்த்து நடக்கத் தெரியாத பெண்.

என் முழங்கால் நோவுக்கு இந்த முறை வீட்டில் நின்றுவிடலாம் என்றுதான் இருந்தேன். தயாளினி விடவில்லை. "நீங்கள் வராட்டி சாப்பாட்டை ஆர் பாக்கிறது, மாமி? கட்டாயம் வாங்கோ" என்று மூன்று நாளாகக் கேட்டாள். என் அருமை இப்போதாவது விளங்கியிருக்கிறது.

ஓகஸ்ட் 2, வெள்ளி. முகாம்

பகல் முழுக்க வெயில். மாலையில் மேற்கே முகில் கட்டியது.

ஏரி வடிவான ஏரி. கரையெல்லாம் உருண்டைக் கற்கள். றெஜி கூடாரத்து முளைகளை அடிக்க, தயாளினி பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு முளையைச் சரித்துப் பிடித்துவிட்டாள். சுத்தியல் அவள் விரல்களில் பட்டது. சொன்னதைக் கேட்டுப் பிடித்திருந்தால் படாது. சத்தம் போடாமல் எழுந்து போய் ஏரித் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். மற்ற முளைகளை ஆறு வயதுப் பேத்தி லியா பிடித்தாள். பிள்ளை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பிடித்தாள்.

வீட்டில் காரின் திறப்பு எப்போதும் றெஜியின் காற்சட்டைப் பையில் இருக்கும். இரண்டு வருடமாகத் தயாளினி கார் ஓட்டுவதில்லை. அவளுக்குப் பதற்றம் என்று அவன் சொல்கிறான். காட்டில் மட்டும் திறப்பு என்னிடம். கரடிக்காக, தின்னும் பொருள் ஒன்றையும் கூடாரத்தில் வைக்கக் கூடாது, எல்லாம் காருக்குள் பூட்டியிருக்க வேண்டும் என்பது முகாமின் சட்டம். உப்புக்கும் தூளுக்குமாக நான் நாளெல்லாம் கூப்பிட்டதில் சலித்துப்போய், போன வருடம் திறப்பை என்னிடமே தந்துவிட்டான். சிலுவைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறேன். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மட்டுமே கார் திறக்கும். இடையில் ஒருவருக்கும் பிஸ்கற் கிடையாது.

அரிசி எடுக்கப் போனபோது பின் இருக்கைக்கு அடியில் ஒரு பை இருந்தது. லியாவின் பனிச் சப்பாத்து, தடித்த மேலங்கி, பள்ளிக்கூடச் சீருடை. ஓகஸ்ட் மாதத்தில் பனிச் சப்பாத்து! தயாளினியிடம் கேட்டேன். "காட்டில குளிரும், மாமி" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். முழங்கால் மட்டப் பனிக்குப் போடுகிற சப்பாத்தை யார் காட்டுக்குக் கொண்டுவருவார்கள்? மொன்றியலில் இருக்கும் அவள் அக்காவும் இப்படித்தான் குடும்பம் நடத்துவாளாக்கும்.

றெஜியிடம் இதைச் சொல்லவில்லை. எதற்கு வீணாக.

மாலையில் பூங்காக் காவலர் வந்தாள். ஹெதர் என்ற இளம்பெண். கரடிச் சட்டங்களை ஒப்புவித்தாள். என் ஆங்கிலத்தைக் கேட்டு, எங்கே படித்தீர்கள் என்று வியந்தாள். சொன்னேன். பிறகு தயாளினியின் வீங்கிய விரல்களைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டாள். றெஜி சிரித்துக்கொண்டு பதில் சொன்னான். ஹெதர் சிரிக்கவில்லை. இளம் வயதினருக்கு இப்போதெல்லாம் மரியாதை குறைவு.

ஓகஸ்ட் 3, சனி

காலை வெயில், மதியம் புழுக்கம். பின்னேரம் காற்று, பிறகு மழை.

விடிந்ததும் றெஜி மூன்று மீன் பிடித்து வந்தான், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். துடித்துக்கொண்டிருந்தவற்றைக் கல்லால் தலையில் அடித்தான். ஓர் அடியில் சாகிற மீன். செத்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தான். கடைசி மீனின் தலை கூழாகிவிட்டது. தலையில்தானே ருசி என்று கடிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். சிரித்தால் என் பிள்ளை நல்ல வடிவு. சட்டையெல்லாம் செதிலும் இரத்தமும்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த லியா ஒரு தடியை எடுத்துத் தன் துணிப் பொம்மையைப் போட்டு அடித்தாள். ஏன் அடிக்கிறாய் என்று கேட்டேன்.

"அடிக்கேல்லை, அப்பம்மா. அவ விழுந்திட்டா" என்றாள்.

மீனை நானே வெட்டினேன். வேறு யாரும் வெட்டினால் முள்ளும் செதிலும் குழம்பில் மிதக்கும். மீன் கழுவிய தண்ணீரை எலுமிச்சைக்கு ஊற்றுவது குருநகரில் எங்கள் வீட்டு வழக்கம். காய் கொத்துக் கொத்தாகப் பிடிக்கும். இங்கே எலுமிச்சைக்கு எங்கே போவது. கூடாரத்துக்குப் பின்னால் நின்ற பெரிய மரத்தின் அடியில் ஊற்றினேன். தயாளினி அதைக் கண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

குழம்பு நன்றாக வந்தது. றெஜி இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டான்.

பின்னேரம் ஏரிக்கரையில் நின்றபோது சீலை கிழிகிற சத்தம் கேட்டது. கறுப்புக் கரடி. வளர்ந்த கன்றுக்குட்டியின் அளவு. மரத்தடி மண்ணைப் பறித்து நக்கிவிட்டு, கூடாரத்தின் பின்பக்கத்தை ஒரே இழுவையில் பிளந்து தலையணையை வெளியே இழுத்துக் குதறிக்கொண்டிருந்தது. றெஜி பானையில் கோடரியால் அடித்துக் கத்தினான். அது அவசரப்படாமல் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது. தலையணைப் பஞ்சு காற்றில் மரமெல்லாம் ஒட்டிக்கொண்டது.

றெஜி மரத்தடிக்குப் போய்க் குனிந்து மணந்து பார்த்தான்.

"இஞ்ச மீன் தண்ணி ஊத்தினது ஆர்?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான்" என்றாள் தயாளினி.

நான் சொல்லத்தான் இருந்தேன். கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது.

அவளோடு கதைக்க வேண்டும் என்று றெஜி அவளைக் காருக்குப் பின்னால் கூட்டிப் போனான். கை அவள் கூந்தலில் இருந்தது. நான் லியாவைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்ச் செபமாலை சொல்லத் தொடங்கினேன், உரத்து. காரின் தகரத்தில் ஏதோ மோதும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. மழைச் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருப்பேன். ஆனால் செபமாலை பாதிக்கு மேல் போன பிறகுதான் மழை தொடங்கியது.

லியா என் இடப்பக்கம் சாய்ந்து காதில் ஏதோ சொன்னாள். அந்தக் காது எனக்குக் கேட்காது. முப்பத்துமூன்று வயதில் கிணற்றடியில் விழுந்ததில் போனது. நான் திருப்பிக் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 4, ஞாயிறு. காலை

குளிர். பூசை இல்லை. தயாளினி கயிறு தடுக்கி விழுந்துவிட்டாளாம்.

அதே நாள், மதியத்துக்குப் பிறகு

மறுபடி புழுக்கம். வடமேற்கில் முகில் காயம் கன்றிய நிறத்தில் நிற்கிறது. ஒரு பறவையும் கத்தவில்லை.

கூடாரத்தின் கிழிசலை ஊசி நூலால் தைத்தேன். தயாளினியின் ஒரு கண் மூடிவிட்டது. கீழ் உதடு பிளந்திருக்கிறது. தேநீரை வாயின் ஓரத்தால் குடிக்கப் பார்த்து முடியாமல் வைத்துவிட்டாள். சூடாகவோ இனிப்பாகவோ இருந்தால் எரியும். சீனி போடாமல், நன்றாக ஆற்றி, கரண்டியின் பின்பக்கத்தால் வார்த்துக் குடிக்க வேண்டும். அப்படி ஆற்றிக் கொடுத்தேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும், மாமி?" என்று கேட்டாள். குடி என்றேன்.

லியா வந்து இன்று என் வலப்பக்கத்தில் இருந்தாள். தானாக இடம் மாறி இருந்தாள்.

"அப்பம்மா, அப்பா உங்கட பிள்ளைதானே. அம்மாவுக்கு அடிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோவன்."

ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னேன். கோத்துத் தந்தாள். அவளுக்கு நல்ல கண்.

றெஜி மரங்களுக்கு இடையில் விறகு கொத்திக்கொண்டிருந்தான். மழை வரப்போகும் நேரத்தில் இவ்வளவு விறகு எதற்கென்று தெரியவில்லை. கோடரிச் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தயாளினி என் முன்னால் குந்தினாள்.

"மாமி, திறப்பைத் தாங்கோ."

சாப்பாட்டு நேரம் இல்லை என்றேன்.

"தெரியும். நான் அக்காவிட்டைப் போறன். லியாவோட. இண்டைக்குத் தராட்டி நான் இஞ்சயிருந்து வரமாட்டன், மாமி. இந்த ஏரியில தாண்டு செத்தவையின்ர உடம்பு மேல வாறேல்லையாம். ராத்திரி எனக்குச் சொன்னவர்."

குடும்பத்துக் கதையை இப்படிப் பெரிதாக்கக் கூடாது என்றேன். அவனுக்குக் கோபம் வரும், போகும் என்றேன். இதை எத்தனை பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதே குரலில் நானும் சொன்னேன். என் கை சங்கிலியில் இருந்தது. கோடரிச் சத்தம் நின்றது. அவள் எழுந்து போய்விட்டாள்.

றெஜி வந்து, மழைக்குப் போர்த்தும் படங்கை எடுக்கத் திறப்பைக் கேட்டான். கொடுத்தேன். திரும்பி வரும்போது கையில் படங்கு இல்லை. பனிச் சப்பாத்து இருந்தது.

அவற்றை நெருப்பில் போட்டான். மேலங்கியையும் போட்டான். றப்பர் எரியும் நாற்றம் தொண்டையைப் பிடிக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு வேண்டும் என்று சொல்லித் திறப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். உடனே தந்தான். என்னை அவன் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

இப்போது தயாளினியின் கையைப் பிடித்து, ஏரியைப் பார்த்துவிட்டு வரலாம் வா என்கிறான். இடி முழங்குகிறது. பிள்ளை என் சட்டையைப்

ஓகஸ்ட் 6, செவ்வாய். ஆஸ்பத்திரி

வலது கை நன்றாக இருக்கிறது. இடது தோளெலும்பு உடைந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். இரண்டு விலா எலும்புகளும் உடைந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

இடியோடு காற்று வந்தது. காற்றோடு கல்மழை, எலுமிச்சங்காய் அளவில். நான் தைத்த தையல் வழியே கூடாரம் பிரிந்தது. ஏரிப்பக்கம் மரங்கள் முறியும் சத்தம், எலும்பு முறிவது போல. றெஜி தயாளினியின் பிடரியைப் பிடித்துத் தண்ணீரை நோக்கி இழுத்துக்கொண்டு போனான். அவர்கள் ஏரி பார்க்கப் போகவில்லை.

சோற்றுப் பானையை லியாவின் தலையில் கவிழ்த்து, பிள்ளையைக் காருக்கு இழுத்துக்கொண்டு போனேன். கல் பானையில் விழுந்து மணி அடிப்பது போல ஒலித்தது. உள்ளே ஏற்றி, சங்கிலியை என் கழுத்தில் இருந்து கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். அம்மா வந்தால் மட்டும் கதவைத் திற, அப்பா தட்டினால் திறக்காதே, நான் தட்டினாலும் திறக்காதே என்று சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். பிழையில்லாமல் சொன்னாள்.

கரைக்குப் போனேன். கல் என் மண்டையைப் பிளந்து கண்ணுக்குள் இரத்தம் வடிந்தது. றெஜி இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு கைகளாலும் அவளை அமுக்கிக்கொண்டிருந்தான். அவளுடைய கால்கள் மட்டும் தண்ணீரை உதைத்தன. மீனை அடித்தபோது இருந்த அதே முகம் அவனுக்கு. நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை. செருப்போடு தண்ணீரில் இறங்கி, அவன் காதைப் பிடித்து முறுக்கினேன். சின்ன வயதில் வாய்ப்பாடு பிழைத்தால் முறுக்குவது போல. திரும்பினான்.

"மீன் தண்ணி ஊத்தினது நான்" என்றேன். "அவள் இல்லை. நான்."

"அம்மா, போங்கோ."

"கரடியைக் கூப்பிட்டது நான். என்னை அமுக்கு."

அவன் பிடி தளர்ந்தது. தயாளினி மேலே வந்து, இருமி, தண்ணீரைக் கக்கினாள். அப்போது அவன் என்னை அடித்தான். கை மடக்கி, முகத்தில். அவன் தகப்பன் அடிக்கும் விதம் அது. தோள் முதலில் பின்னே போகும். நான் கற்களில் விழுந்தேன்.

தயாளினி ஓடாமல் என் பக்கம் திரும்பினாள். எனக்கு உதவி செய்ய வருகிறாள் என்று கண்டு கோபம் வந்தது.

"பிள்ளை காருக்குள்ள. திறப்பு அவளின்ர கழுத்தில" என்றேன். "இப்ப சாப்பாட்டு நேரம். போ."

ஓடினாள். றெஜி பின்னால் போகத் திரும்பினான். நான் அவன் காலை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மற்றக் காலால் உதைத்தான். தோளில் ஏதோ முறிந்தது எனக்கே கேட்டது. மறுபடியும் உதைத்தான். நான் பெற்ற கால். விடவில்லை. பிறகு குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

காரின் சத்தம் கேட்டது. கியரை இழுத்து, பின்னால் வந்து, கூடாரத்தின் மேலேயே ஏற்றினாள். இரண்டு வருடம் ஓட்டாதவள் அல்லவா. றெஜி கோடரியோடு ஓடிப் பின் கண்ணாடியில் வீசினான். கண்ணாடி முழுதும் உடைந்து உள்ளே கொட்டியது. கார் நிற்கவில்லை. கூடாரம் கயிற்றோடும் முளைகளோடும் காருக்குக் கீழே சிக்கி, சேற்றில் இழுபட்டுக்கொண்டே போனது. வளைவில் மறைந்தது.

திரும்பி வந்தவன் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் சாத்தினான். தன் சட்டையைக் கழற்றி என் முகத்தைத் துடைத்தான். அழுதான். நல்ல மென்மையான கை அவனுக்கு, அந்த நேரங்களில். அவன் தகப்பனுக்கும் அப்படித்தான்.

"அம்மா, ஆரும் கேட்டால் கயிறு தடக்கி விழுந்ததெண்டு சொல்லுங்கோ. என்ர அம்மாவெல்லோ."

கயிறு காருக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

கல்மழை விட்டு வெறும் மழையானபோது ஹெதர் வந்தாள், இரண்டு பொலிஸ்காரரோடு. தயாளினி முகாம் வாசலில் வண்டியை நிறுத்திச் சொல்லியிருக்கிறாள். ஹெதர் என் முன்னால் முழந்தாளிட்டு என்ன நடந்தது என்று கேட்டாள். றெஜியின் கை என் நல்ல தோளில் இருந்தது. லேசாக அழுத்தினான்.

என் பெயர் டொறத்தி சவரிமுத்து என்றேன். என் மகன் என்னை அடித்தான், உதைத்தான் என்றேன். மனைவியை இந்த ஏரியில் அமுக்கிக் கொல்லப் பார்த்தான், நான் கண்டேன் என்றேன். போன வருடம் அவள் கையை முறித்தது அவன், வெள்ளிக்கிழமை அவள் விரல்களில் சுத்தியலால் அடித்ததும் அவன் என்றேன். பொலிஸ்காரர் எழுதிக்கொள்ள வசதியாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

விலங்கு போட்டு ஏற்றும்போது "அம்மா" என்று ஒருமுறை கூப்பிட்டான். என் இடப்பக்கத்தில் இருந்து கூப்பிட்டான். கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கேட்டது.

இன்று காலை ஹெதர் பார்க்க வந்தாள். தயாளினியும் லியாவும் மொன்றியலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். சங்கிலியை அப்பம்மாவிடம் எப்போது தருவது என்று பிள்ளை கேட்கிறாளாம். வைத்திருக்கச் சொல்லுங்கள் என்றேன்.

பிறகு டொக்டர் வந்து என் காதுகளைச் சோதித்தார். இடது காதுச் சவ்வு கிழிந்தது மிகப் பழைய காயம் என்றார். அப்போது விழுந்தீர்களா என்று கேட்டார்.

நாற்பத்தொரு வருடமாக இதற்கு ஒரு பதில்தான் வைத்திருந்தேன்.

இல்லை என்றேன். என் கணவர் வாளியால் அடித்தது.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். அருகில் வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டார். என் மகன் இருந்தான் என்றேன். கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆறு வயது.

ஹெதர் போகுமுன் அவளிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். லியாவுக்குப் பனிச் சப்பாத்து ஒரு சோடி வேண்டும். ஓகஸ்ட் மாதத்தில் கடையில் கிடைக்காதே என்றாள். தேடச் சொன்னேன். பாதத்தைவிட ஒரு அளவு பெரிதாக, உள்ளே கம்பளி வைத்ததாக இருக்க வேண்டும். மொன்றியலில் குளிர் முந்தித் தொடங்கும்.